யூனிபோமுக்கு முன்னால் 'ஆன்' ஏன் வராது?

ஆங்கிலச் சொல்லுக்கு முன்னால் 'ஏ' (a) வருமா, 'ஆன்' (an) வருமா என்று பார்க்க, எழுத்தைப் பார்க்க விடாதீர்கள் ரீச்சர், சொல்லின் முதல் ஒலியைக் கேட்க வையுங்கள். 'ஏ யூனிபோம்', 'ஆன் அவர்' (an hour) என்பதுதான் சரி. மணித்தியாலத்துக்கான அந்தச் சொல்லில் 'எச்' எழுத்து இருக்கும், ஒலிக்காது.

களுவாஞ்சிக்குடியில் உங்கள் தரம் 5 பிள்ளைகள் இதை மாற்றி எழுதுகிறார்கள் என்றால், ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஆங்கில உயிரெழுத்துப் பட்டியலைப் பாடமாக்கி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியல்தான் வினை.

ஒன்று செய்து பாருங்கள். சொல்லை வாய்விட்டுச் சொல்லி, கேட்டபடி கொப்பியில் தமிழில் எழுதட்டும். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்'. யூனிபோம் 'ய'கரத்தில் தொடங்குகிறதே, அதனால் 'ஏ'. ஓர் ஊர், ஒரு யானை தெரிந்த பிள்ளைக்கு இது புதிதில்லை.

ஆனால் 'எக்'கை 'யெக்' என்றும் 'ஒரேஞ்'சை 'வொரேஞ்' என்றும் சொல்லும் பிள்ளைக்கு இந்த வழி பிழைக்கும். முதலில் உச்சரிப்பைத் திருத்துங்கள். அப்புறம், இடையில் வேறு சொல் வந்தால் அதன் ஒலிதான் கணக்கு: 'ஏ பிக் எக்'.