ஸ்ட்ரிப் விளக்குக்கு எந்த ஐபி எண்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எல்இடி ஸ்ட்ரிப் விளக்கு வாங்கச் சென்றால் ஐபி 20, ஐபி 65, ஐபி 67, ஐபி 68 என்று ஒரே விளக்கைப் பல எண்களில் எடுத்து வைக்கிறார்கள். இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன? எதற்கு வம்பு என்று எல்லா இடத்துக்கும் ஐபி 68-ஐயே வாங்கிவிட்டால் என்ன?

பதில்: ஒரு மின்கருவியின் உறை தூசியையும் நீரையும் எந்த அளவுக்குத் தடுக்கும் என்பதைச் சொல்வதற்காக, ஐஈசி 60529 என்ற பன்னாட்டுத் தரநிலை வகுத்துள்ள குறியீடுதான் ஐபி. அதன் பின் வரும் இரண்டு இலக்கங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதல் இலக்கம் திடப்பொருள்களுக்கானது. 0 முதல் 6 வரை செல்லும். 2 என்றால் விரல் உள்ளே செல்லாது, 4 என்றால் 1 மில்லிமீட்டர் கம்பி நுழையாது, 6 என்றால் தூசி அறவே புகாது. இரண்டாவது இலக்கம் நீருக்கானது. 4 என்பது எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்குவது. 5 என்பது 6.3 மில்லிமீட்டர் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சப்படும் நீரைத் தாங்குவது. 6 வந்தால் முனை 12.5 மில்லிமீட்டராகவும் நீர் நிமிடத்துக்கு 100 லிட்டராகவும் உயர்கிறது. 7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடப்பது. 8 என்பது தொடர்ந்து மூழ்கிக் கிடப்பது; எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதை உற்பத்தியாளர்தான் குறிப்பிட வேண்டும். அந்த விவரம் இல்லாமல் வெறுமனே ஐபி 68 என்று அச்சிட்டிருந்தால், கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்குங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நீருக்கான இலக்கத்தில் 6 வரைதான் படிக்கட்டு: 6-இல் தேறியது 5, 4 ஆகியவற்றிலும் தேறியதாகக் கொள்ளலாம். 7-ம் 8-ம் அமிழ்த்திப் பார்க்கும் சோதனைகள். அமைதியான நீருக்குள் அரை மணி நேரம் தாங்கிய ஒரு பொருள், விசையோடு வந்து மோதும் நீரைத் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இரண்டு சோதனைகளிலும் தேறியிருந்தால் ஐபி 65/67 என்று இரண்டையும் சேர்த்துக் குறிப்பது வழக்கம். ஆகவே ‘பெரிய எண்ணே நல்ல எண்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. நீர் எப்படி வந்து சேரும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எல்லா இடத்துக்கும் ஐபி 68 வாங்குவதில் வேறு நட்டமும் இருக்கிறது. எல்இடியின் ஆயுளை முதலில் குறைப்பது வெப்பம். உறையில்லாத ஐபி 20 ஸ்ட்ரிப்பை அலுமினியச் சேனலில் நேரடியாக ஒட்டினால் வெப்பம் உலோகத்துக்குள் இறங்கிவிடும். அதே ஸ்ட்ரிப்பைத் தடித்த சிலிகான் உறைக்குள் அடைத்தால் வெப்பம் அந்த உறையைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். உறை கொஞ்சம் வெளிச்சத்தையும் விழுங்கும். சிலிகான் மேல் சாதாரண ஒட்டுநாடா பிடிக்காது என்பதால் கிளிப் வைத்துத் திருக வேண்டியிருக்கும். நடுவில் ஓர் எல்இடி அணைந்தால் உறையைக் கீறாமல் பழுது பார்க்கவும் வழியில்லை. நீர் எட்டாத கூரை விளிம்புக்கும் புத்தக அலமாரிக்கும் ஐபி 20 போதும் என்பது மட்டுமல்ல, அதுவே சிறந்தது என்றும் சொல்வேன்.

கேள்வி: சமையலறையில் மேல் அலமாரிகளின் அடியில் ஸ்ட்ரிப் விளக்கு பொருத்த விரும்புகிறேன். நீர் நேரடியாகப் படாத இடம்தானே, ஐபி 20 போதாதா?

பதில்: அலமாரி முழுவதற்கும் ஒரே விடை கிடையாது. அடுப்பிலிருந்தும் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்தும் விலகிய பகுதிக்கு, மேலே ஒளியைப் பரப்பும் மூடி கொண்ட அலுமினியச் சேனலில் ஐபி 20 ஸ்ட்ரிப் தாராளமாக இருக்கலாம். தொட்டிக்கும் அடுப்புக்கும் நேர் மேலே உள்ள பகுதிதான் சிக்கல். அங்கே எண்ணெய்ப் புகை படியும், அதைத் துடைக்க ஈரத்துணி வரும். உறையில்லாத ஸ்ட்ரிப்பை உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு வெட்டுக்கோட்டின் இருபுறமும் செம்புப் பட்டைகள் திறந்தே கிடப்பதும், எல்இடிகளுக்கு இடையே ரெசிஸ்டர்கள் புடைத்து நிற்பதும் தெரியும். அந்த மேடுபள்ளங்களுக்கு இடையில் படிந்த பிசுக்கைத் துடைத்தெடுக்க முடியாது. துடைக்க முயன்றால் ஈரம்தான் உள்ளே தங்கும். மேலே சிலிகான் பூச்சு கொண்ட ஐபி 65 ஸ்ட்ரிப் அந்தப் பகுதிக்குப் பொருத்தமானது. இங்கே அதை வாங்குவது நீருக்காக என்பதைவிட, துடைப்பதற்காக என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளியலறையில் கண்ணாடியைச் சுற்றியும், ஷவருக்கு அருகில் உள்ள சுவர் மாடத்திலும் ஸ்ட்ரிப் விளக்கு வேண்டும். எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: குளியலறைக்கு ஐஈசி 60364 தரநிலையின் 7-701 பகுதி மண்டலக் கணக்கு ஒன்றை வைத்திருக்கிறது. குளியல் தொட்டியின் உட்புறம் மண்டலம் 0. தொட்டிக்கும் ஷவர் தளத்துக்கும் நேர் மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை மண்டலம் 1. அதற்கு வெளியே 60 சென்டிமீட்டர் வரை மண்டலம் 2. மண்டலம் 0-வுக்கு நீர் இலக்கம் குறைந்தது 7. மற்ற இரண்டுக்கும் குறைந்தது 4. தொட்டியோ தடுப்போ இல்லாமல் தரையிலேயே நீர் ஓடும் குளியலறையாக இருந்தால், ஷவர் நீர் வெளிவரும் இடத்திலிருந்து 1.2 மீட்டர் தூரம் வரை மண்டலம் 1 நீள்கிறது. பல நாடுகள் இந்த அடிப்படையைத் தங்கள் விதிகளுக்கு ஏற்பச் சற்று மாற்றிக்கொண்டுள்ளன; உங்கள் நாட்டு விதி எதுவோ அதற்கே முன்னுரிமை.

ஷவரின் வீச்சுக்கு வெளியே இருக்கும் கண்ணாடிக்கு, நீராவியைக் கருதி ஐபி 44-க்குக் குறையாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஷவர் மாடத்துக்கு 4 என்பது குறைந்தபட்சம்தான். கைஷவரை அங்கே நீட்டிக் கழுவுவோம் என்பதால் ஐபி 65-ஐயோ, இடைவெளி இல்லாமல் முழுவதும் சிலிகான் நிரப்பி, ஐபி 65/67 என்று இரண்டையும் குறித்ததையோ பரிந்துரைப்பேன். ஆனால் ஸ்ட்ரிப்பைவிட அதற்கு மின்சாரம் தரும் டிரைவர் எங்கே இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கும் ஸ்ட்ரிப்பை மட்டும் பயன்படுத்துங்கள். அதன் டிரைவர், வீட்டு மின்சாரத்திலிருந்து மின்காப்பால் முறையாகப் பிரிக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும். அதை மண்டலங்களுக்கு வெளியே, கை எட்டிப் பழுது பார்க்கக்கூடிய உலர்ந்த இடத்தில் வையுங்கள். வீட்டு மின்னழுத்தத்தில் நேரடியாக எரியும் ஸ்ட்ரிப் எந்த ஐபி எண்ணைத் தாங்கி வந்தாலும் குளியலறைக்குள் வரவே கூடாது.

கேள்வி: வீட்டு வெளிச்சுவரில் ஐபி 67 ஸ்ட்ரிப் பொருத்தினேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஒரு முனையிலிருந்து எல்இடிகள் வரிசையாக அணைந்துவிட்டன. விற்றவரோ, ‘ஐபி 67-க்குள் நீர் போகவே முடியாது’ என்று சாதிக்கிறார். தவறு எங்கே?

பதில்: விற்றவர் சொல்வது தொழிற்சாலையிலிருந்து வந்த முழு ரோலுக்குப் பொருந்தலாம். அதை நீங்கள் உங்கள் சுவரின் நீளத்துக்கு வெட்டினீர்களா? வெட்டிய அந்த நொடியிலேயே ஐபி 67 போய்விட்டது. உறையின் வாய் திறந்து, உள்ளே செம்பு தெரிய நிற்கிறது. அந்த முனையை மறுபடி மூடி, வயர் வெளிவரும் துளையையும் அடைத்தால்தான் காப்பு ஓரளவேனும் திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பது கைவேலையைப் பொறுத்தது.

அணைந்த முனையைக் கழற்றிப் பாருங்கள். நீர்தான் காரணம் என்றால், சோல்டர் வைத்த இடத்தில் பச்சை நிறப் பொருக்கு படிந்திருக்கும். அதுவும் பெரும்பாலும் ‘+’ குறியுள்ள பட்டையில். ஈரத்தின் ஊடே நேர்மின்சாரம் கசியும்போது, நேர்முனையிலுள்ள செம்பு கரையத் தொடங்குவதால் வரும் அரிப்பு அது. விளக்கு எரிய எரிய அரிப்பு வேகமெடுக்கும். ஒரு சொட்டு நீர் போதும். சில வாரங்களில் மெல்லிய செம்புத் தடம் அறுந்துவிடும். வரிசையாக அணைந்தது என்று நீங்கள் எழுதியிருப்பதும் இதனோடு ஒத்துப்போகிறது.

முனையைச் சரியாக மூடியும் நீர் வந்திருந்தால், வயரைச் சந்தேகிக்க வேண்டும். பல இழைகள் முறுக்கிய வயரின் ஒரு முனை நனைந்தால், இழைகளுக்கு இடையேயான நுண்ணிய இடைவெளி வழியாக நீர் காப்புக்குள்ளேயே ஊர்ந்து நெடுந்தூரம் செல்லும். வெளியே ஒரு துளியும் தெரியாது. எனவே வயர்கள் சேரும் இணைப்பு, ஸ்ட்ரிப்புக்குச் சமமான ஐபி எண் கொண்ட கனெக்டரிலோ ஜெல் நிரப்பிய பெட்டியிலோ இருக்க வேண்டும். பெட்டிக்குள் நுழையும் முன் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு எடுத்துச் சென்றால், அதன் மேல் வழியும் மழைநீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். டிரைவரின் ஐபி எண்ணையும் பாருங்கள். ஐபி 67 ஸ்ட்ரிப்பை ஐபி 20 டிரைவரோடு சேர்த்து வெளியில் வைத்தால், அந்த அமைப்பு முழுவதுமே ஐபி 20-தான்.

மூன்றாவது காரணமும் உண்டு. ஐபி 67 என்று விற்கப்படும் ஸ்ட்ரிப்புகளில் ஒரு வகை, உள்ளே காற்று நிறைந்த வெற்றுக் குழாய். விளக்கு எரியும்போது அந்தக் காற்று விரிந்து சிறு இடுக்குகள் வழியே வெளியேறும். அணைந்து குளிரும்போது ஈரக்காற்றை உள்ளிழுக்கும். இப்படி இரவும் பகலும் மாறி மாறி நடந்தால், மழை ஒருமுறைகூட நேரடியாகப் படாமலே குழாயின் உட்புறம் வியர்த்து நிற்கும். ஐஈசி சோதனை அரை மணி நேர நன்னீர்ச் சோதனைதான். மாதக்கணக்கில் நிகழும் இந்த ஈரமூச்சையோ, வெயிலையோ, கடற்காற்றின் உப்பையோ அது அளப்பதில்லை. வெளிப்புறத்துக்கு வெற்றுக் குழாயைத் தவிர்த்து, முழுவதும் நிரப்பிய வகையையே கேட்டு வாங்குங்கள். எபாக்ஸி, பிவிசி உறைகள் வெயிலில் மஞ்சளாகி விறைத்துப் பிளக்கும். சிலிகான் வெயிலை நன்கு தாங்கும்.

கேள்வி: வெட்டிய முனையைச் சாதாரண சிலிகான் பசையால் அடைத்தால் போதுமா?

பதில்: எந்த சிலிகான் என்பதுதான் கேள்வி. பிழிந்ததும் வினிகர் நெடி அடிக்கும் பசை, உலரும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. மூடிய முனைக்குள் அந்த அமிலம் செம்பையும் சோல்டரையும் அரிக்கும். நீரைத் தடுக்கப் போய் அரிப்பை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். ‘நியூட்ரல் க்யூர்’ என்று குறிப்பிட்ட சிலிகானை வாங்குங்கள். உறைக்குள் சிறிதளவு பிழிந்து, முனைமூடியைச் செருகி, வயர் வரும் துளையைச் சுற்றியும் பூசி, குழலில் குறிப்பிட்டுள்ள நேரம் முழுவதும் உலர விட்ட பிறகே மின்சாரம் கொடுங்கள். சிலிகான் உறையில் வேறு பசைகள் ஒட்டுவது போலத் தோன்றி, பிறகு தோல்போல உரிந்துவிடும். வெட்டும்போது, அச்சிட்ட கோட்டைவிட்டு விலகக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: கூடத்தில் ஐபி 20, அதையொட்டிய திறந்த முற்றத்தில் ஐபி 67, இரண்டும் 3000 கெல்வின் நிறம் என்றுதான் வாங்கினேன். அருகருகே எரியும்போது நிறம் வேறாகத் தெரிகிறதே?

பதில்: எல்இடியின் மேல் சிலிகானோ பாலியூரித்தேனோ நேரடியாகப் படியும்போது, ஒளி வெளியேறும் விதம் மாறி, நிறம் சில நூறு கெல்வின் வரை குளிர்ந்த வெண்மை நோக்கி நகரக்கூடும். நல்ல தயாரிப்பாளர்கள் இதை முன்னரே ஈடுசெய்து எல்இடியைத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு இடங்களும் ஒரே பார்வையில் படும் என்றால், இரண்டுக்கும் ஒரே வகை உறை வாங்குவதே எளிய வழி.

கேள்வி: சிறிய மீன்குளத்தின் உள்விளிம்பில், நீர்மட்டத்துக்குக் கீழே ஸ்ட்ரிப் விளக்கு வைக்கலாமா? ஐபி 67 போதுமா? நீச்சல்குளத்துக்கும் இதே விடைதானா?

பதில்: ஐபி 67 போதாது. அது அரை மணி நேரத்துக்கு மட்டுமே உறுதி தருகிறது. குளத்தில் விளக்கு ஆண்டு முழுவதும் கிடக்கும். ஆழமும் தொடர்ச்சியும் எழுத்தில் குறிப்பிட்ட ஐபி 68 வேண்டும். அதுவும் முனைமூடியும் வயரும் தொழிற்சாலையிலேயே சேர்த்து வார்க்கப்பட்டதாக, வேண்டிய நீளத்துக்குச் சொல்லிச் செய்ததாக இருக்க வேண்டும். வெட்டிக் கைப்பசையால் மூடிய ஸ்ட்ரிப்பை நீருக்கடியில் வைக்காதீர்கள். சிலிகான், நீர்த்துளியைத் தடுத்தாலும் நீராவியையும் வாயுக்களையும் மெல்ல ஊடுருவ விடும் பொருள். குளோரின் கலந்த நீரில், இப்படி ஊடுருவும் வாயு எல்இடிக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சைக் கறுக்கச் செய்து வெளிச்சத்தை மங்கலாக்கலாம். ஆகவே எப்போதும் மூழ்கியிருக்கும் இடத்துக்கு, அந்த நீருக்கு ஏற்றது என்று உற்பத்தியாளர் வெளிப்படையாகக் குறிப்பிட்ட பாலியூரித்தேன் வகையைத் தேடுங்கள்.

நீச்சல்குளத்தில் மனிதர்கள் நனைந்த உடலோடு இருப்பதால் விதி இன்னும் கடுமையானது. ஐஈசி 60364-இன் 7-702 பகுதி, குளத்தின் உட்புறத்துக்கு நீர் இலக்கம் 8-ஐயும், நேர்மின்சாரமானால் 30 வோல்ட்டைத் தாண்டாத பாதுகாப்புக் குறைமின்னழுத்தத்தையும் கேட்கிறது. மின்சாரம் தரும் டிரைவர் குளத்தின் மண்டலங்களுக்கு வெளியே இருக்க வேண்டும் என்கிறது. மீன்குளத்துக்கு நீங்களே ஸ்ட்ரிப்பைப் பொருத்த முடிந்தாலும், நீச்சல்குளத்துக்கு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். மீன்குளத்தில்கூடக் கையை உள்ளே விட்டுச் சுத்தம் செய்யும் முன் டிரைவரின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். முடியுமானால், ஸ்ட்ரிப்பை நீருக்குள் இறக்காமல் கரையின் மேல்விளிம்புக்கு அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பொருத்துங்கள். வெளிச்சம் நீர்ப்பரப்பில் நன்றாகவே விழும், எப்போதாவது தெறிக்கும் நீருக்கு நிரப்பிய ஐபி 67 போதுமானது, பழுது வந்தாலும் குளத்தை வற்றவைக்க வேண்டியிருக்காது.