மனிதவளப் படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். பி.காம். இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள் எம்.பி.ஏ. படிப்பில் மனிதவளப் பிரிவை எடுக்க விரும்புவதாகவும், "பெண் சாது, நாலு பேரை அதட்டி வேலை வாங்கத் தெரியாது, இவளுக்கு இது ஒத்து வருமா" என்று வீட்டில் பேச்சு நடப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சாதுவாக இருப்பது இந்த வேலைக்குத் தடையே இல்லை. அதட்டத் தெரிந்தவர்கள்தாம் இதில் முதலில் தோற்கிறார்கள். என் கவலை வேறு. மனிதவளத் துறை என்றால் ஆட்களோடு இனிமையாகப் பேசும் வேலை என்று எண்ணித்தான் பெரும்பாலான பிள்ளைகள் இதில் சேருகிறார்கள். இரண்டாண்டு படித்து வெளியே வந்த பிறகே, சம்பளக் கணக்கும் சட்டமும் முதலாளிக்கும் வேலையாளுக்கும் நடுவில் நிற்கும் சங்கடமும்தான் இதில் பெரும்பகுதி என்பது தெரிந்து திகைக்கிறார்கள். ஆகவே, கட்டணம் கட்டுவதற்கு முன் உங்கள் மகள் ஓராண்டாவது ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போட்டுப் பழக வேண்டும் என்பதே என் யோசனை.

புதுவயலில் உங்கள் அண்ணன் நடத்தும் அரிசி ஆலையையே எடுத்துக்கொள்வோம். இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் என்பதால் வருங்கால வைப்பு நிதி கட்டாயம். பத்துப் பேர் இருந்தாலே தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யும் வந்துவிடும். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு, அது முழுவதும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியுமாக இருந்தால், வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, அதாவது 1,440 ரூபாயும், ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 விழுக்காடு, அதாவது 90 ரூபாயும் பிடித்தபின் கைக்கு வருவது 10,470. கணக்கு இவ்வளவுதான், எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடும். சங்கடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த மனிதர் சம்பளச் சீட்டோடு அலுவலக அறைக்கு வந்து, "இந்தப் பிடித்தமெல்லாம் எனக்கு வேண்டாம், முழுசாகக் கையில் கொடுத்துவிடுங்கள்" என்று நிற்பார். முதலாளியும் தம் பங்காக இன்னொரு 1,440 ரூபாயும் ஈ.எஸ்.ஐ.க்கு 390 ரூபாயும் கட்ட வேண்டியிருப்பதால், அவருக்கும் உள்ளூர அதே எண்ணம்தான் இருக்கும். இருவரும் ஒன்றையே விரும்பும்போது சட்டத்தின் பக்கம் தனியாக நிற்க வேண்டியவர் உங்கள் மகள். முதலாளி கட்டும் பங்கில் சுமார் 1,000 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது, பத்தாண்டுப் பணி நிறைந்தால் அது முதுமையில் மாதந்தோறும் திரும்பி வரும், நோயில் படுத்தால் ஈ.எஸ்.ஐ. வழியே ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும் என்பதையெல்லாம் எழுதப் படிக்கத் தடுமாறும் ஒருவருக்குப் பொறுமையாக, குரல் உயர்த்தாமல் விளங்க வைக்க வேண்டும். சாதுவான பெண் என்றீர்களே, அந்தக் குணத்துக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

அதோடும் முடியாது. அந்த ஆளின் ஆதாரில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால் விரிந்திருக்கும். வைப்பு நிதிப் பதிவில் முன்னால் ஓரெழுத்தாக நிற்கும். பிறந்த தேதியும் இரண்டிலும் ஒன்றாக இராது. மகள் கல்யாணத்துக்கென்று அவர் முன்பணம் கேட்டு விண்ணப்பிக்கும் நாளில்தான் இந்த முரண்பாட்டால் விண்ணப்பம் திரும்பி வந்து நிற்கும். வடமாநிலத்திலிருந்து வரும் ஆட்களுக்குப் பழைய நிறுவனத்தில் ஏற்கெனவே ஒரு வைப்பு நிதிக் கணக்கு எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்காமல் புதிதாக ஒன்று திறந்துவிட்டால், இரண்டையும் ஒன்றாக்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். இவற்றைக் கல்லூரியில் யாரும் நடத்துவதில்லை.

சட்டமும் அண்மையில் மாறியிருக்கிறது. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களை உள்ளடக்கிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும். குறித்த காலத்துக்கு எடுக்கப்பட்டவர் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) உரியவர். வீட்டு வாடகைப்படி போன்ற படிகளைக் கூட்டிக் காட்டி அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துவிட முடியாதபடி, அந்தப் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிகுதி சம்பளமாகவே கொள்ளப்படும். எந்தக் கல்லூரியில் விசாரித்தாலும், தொழிலாளர் சட்டப் பாடம் இதற்கேற்ப மாற்றப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கட்டடத்தையும் குளிரூட்டிய வகுப்பறையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் பகுதியின் தொழில்கள் பெரும்பாலும் குடும்பத் தொழில்கள் என்பதால், புத்தகத்தில் இல்லாத இன்னொரு சிக்கலும் உண்டு. காரைக்குடியில் ஒரு துணிக்கடையில் மேலாளராக இருப்பவர் முதலாளியின் மைத்துனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாக வந்த விற்பனைப் பெண்ணுக்கு அவர் அரைநாள் சம்பளத்தை வெட்டுகிறார். விதிப்படி அது செல்லாது என்று மனிதவள அலுவலர் சொல்கிறார். மாலையில் முதலாளி இருவரையும் அழைத்து, "இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள்" என்று முடித்துவைக்கிறார். யாருக்குச் சார்பாக முடிந்தது என்பது எவருக்கும் தெளிவாக இராது. ஆனால் அடுத்த நாள் முதல் எல்லோரும் நேரே முதலாளியிடமே போவார்கள். அதிகாரம் இல்லாத நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மதிப்பைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது இளைஞர்களுக்கு மிகக் கடினமான பாடம். இதே கடைகளுக்குத்தான், வேலையாட்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாற்காலி வாங்கிப் போடுவது எளிது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அந்தப் பெண்கள் அதில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்காமல் இருக்கும்படி செய்வதுதான் மனிதவளம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பல இடங்களில் அது சுவரில் ஒட்டிய காகிதமாகவே இருக்கிறது. உங்கள் மகள் வேலைக்குப் போகும் இடத்தில் அந்தக் குழுவின் தலைவர் யார் என்று கேட்டுப் பார்க்கட்டும். பதில் வரும் விதத்திலேயே நிறுவனம் எப்படிப்பட்டது என்பது புரிந்துவிடும்.

அண்ணன் ஆலையிலேயே பழகட்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். அது வேண்டாம் என்பேன். அங்கே அவள் முதலாளி வீட்டுப் பெண்; யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அவள் செய்யும் பிழையையும் சுட்டிக்காட்ட மாட்டார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில், பணப்பெட்டியருகே இருந்து பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, ஏஜெண்டுக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாளாகி, பின்னரே ஏஜெண்டாகக் கடையை நடத்தப் போகும் வழக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாததன்று. மனிதவளப் பயிற்சி என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை என்பதைத் தவிர, இன்றைய பெரிய நிறுவனங்கள் செய்வதற்கு அது எவ்விதத்திலும் குறைந்ததன்று. பிறர் கடையில் கற்றுக்கொண்டு வரட்டும். ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பல நிறுவனங்களின் சம்பளப் பட்டியலும் வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. கணக்குகளும் கவனிக்கும் மேசை கிடைத்தால், என் பார்வையில் அதுவே முதல் தரம். உணவு விடுதிகளிலோ பலகாரத் தயாரிப்பு நிறுவனங்களிலோ கிடைத்தாலும் சேரலாம். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும்.

அந்த ஓராண்டுக்குப் பின்னும் அவளுக்கு விருப்பம் மாறாவிட்டால், தயங்காமல் படிக்க வையுங்கள். ஜாம்ஷெட்பூரின் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மேலாண்மைக் கல்லூரியும் மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் இத்துறையில் நாட்டின் முன்னணி இடங்கள். முன்னதற்கு ஜனவரியில் நடக்கும் ஸாட் (XAT) நுழைவுத் தேர்வும், பின்னதற்கு நவம்பரில் நடக்கும் கேட் (CAT) நுழைவுத் தேர்வும் வழி. தமிழ்நாட்டுக்குள் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு போதும். வீட்டை விட்டு அனுப்பத் தயக்கமானால் காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் படிப்பு இருக்கிறது. தொழிலாளர் சட்டத்தில் அவளுக்கு நாட்டம் வந்துவிட்டால், சென்னையில் அரசு நடத்தும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தையும் பாருங்கள். நம்மவர்கள் அதிகம் அறியாத நல்ல வழி அது. இவற்றில் எதுவும் கிடைக்காமல், பெயர் தெரியாத ஒரு கல்லூரியில் கடன் வாங்கிச் சேரும் நிலை வந்தால், அதைவிட வேலையைத் தொடர்ந்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் படிப்பது மேல்.

"நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு" என்று விளம்பரம் செய்யும் இடங்களில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: சென்ற ஆண்டு வேலை கிடைத்தவர்களின் நியமனக் கடிதங்களில் பதவி என்னவென்று போட்டிருந்தது? மனிதவள வேலை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, நாள் முழுவதும் தொலைபேசியில் விண்ணப்பதாரர்களை அழைத்துப் பேசும் ஆள்சேர்ப்பு வேலைதான். அது இழிவானதன்று, ஆனால் அதற்கு எம்.பி.ஏ. தேவையில்லை.

கேட் தேர்வுக்கான பதிவு வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும். இந்த ஜூனில் வேலைக்குச் சேர்ந்தால், அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் அவள் பன்னிரண்டு மாதச் சம்பளப் பட்டியலையும் ஒரு தீபாவளி போனஸையும் பார்த்திருப்பாள். அதன் பிறகு அவளையே என்னிடம் பேசச் சொல்லுங்கள். அப்போது எந்தப் பிரிவு என்பதை நாமிருவரும் தீர்மானிக்க வேண்டியிராது.

அன்புடன்,
கல்வி ஆலோசகர், காரைக்குடி