வீட்டுக் கொட்டிலில் இரும்பு வேலை: வாங்குமுன் கேட்ட கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இரும்பு வேலை பற்றியவை. எனக்கும் மனதுக்குப் பிடித்த விஷயம் என்பதால் சில பதில்களைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் ஆசிரியர். பின்னேரங்களில் வீட்டுக் கொட்டிலில் பூச்சாடித் தாங்கி, சின்ன கேற், மேசைக்கால் என்று செய்து பழக ஆசை. ஹாட்வெயார் கடையில் முன்பக்கம் 200 என்று போட்ட ஓர் இன்வேர்ட்டர் வெல்டிங் மெஷினும், அதே அளவுப் பெட்டியில் 300 என்று போட்ட இன்னொன்றும் இருக்கின்றன. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. “300ஐ எடுத்தால் பின்னுக்கு உதவும்” என்கிறார் கடைக்காரர். எதை எடுக்கலாம்?

பதில்: 200ஐ எடுங்கள். ஆனால் அந்த எண்ணை நம்பி எடுக்க வேண்டாம்.

காரணம் உங்கள் வீட்டு மீற்றர்ப் பெட்டியில் இருக்கிறது. நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 230 வோல்ட், 30 அம்பியர் இணைப்பு. பழைய வீடுகளில் 15 அம்பியரும் உண்டு. ஒரு மெஷின் 200 அம்பியர் கொடுக்க வேண்டுமென்றால் ரொட் (உருகி இரும்பை ஒட்டவைக்கும் குச்சி) முனையில் ஏறக்குறைய 28 வோல்ட் நிற்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 5,600 வாட். மெஷினுக்குள் சூடாகி வீணாவதையும், மலிவான இன்வேர்ட்டர்கள் கரண்டை ஒரு சீராக இழுக்காததையும் சேர்த்தால், சுவரிலிருந்து 40 அம்பியர் அளவுக்குப் போய்விடும். உங்கள் மெயின் அதைத் தாங்காது. அப்படியிருக்க 300ஐ வாங்கி என்ன செய்வது?

இனி உங்கள் வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். நீங்கள் சொன்னவை எல்லாம் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) வேலைகள். கடையில் 12ஆம் கேஜ் என்று கேட்டால் தருகிற 2.5 மில்லிமீற்றர் ரொட் அதற்குப் போதும். அது 60 முதல் 90 அம்பியருக்குள் உருகும். கொஞ்சம் தடித்த அங்கிள் அயர்னுக்கு 10ஆம் கேஜ், அதாவது 3.2 மில்லிமீற்றர் ரொட். அதற்கு 90 முதல் 130 வரை. 80 அம்பியரில் வேலை செய்யும்போது சுவரிலிருந்து 14 அம்பியர் அளவில் இழுக்கும். மற்ற வீட்டு வயரிங்கோடு சேர்க்காமல் கொட்டிலுக்கென்று தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் போட்டுக்கொண்டால் நிம்மதியாக வேலை செய்யலாம். அந்த வேலையைத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

கடையிலேயே உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மெஷினைத் திருப்பி, பின்பக்கத்திலோ அடியிலோ உள்ள தகட்டைப் பாருங்கள். உள்ளே இழுக்கும் கரண்ட் அதில் எழுதியிருக்கும். 26 அம்பியர் என்று இருந்தால் 230ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 6,000. 300 அம்பியர் வெளியே வர ரொட் முனையில் 32 வோல்ட் வேண்டும், அது 9,600. உள்ளே போவதைவிடக் கூடுதலாக வெளியே வர எந்த மெஷினாலும் முடியாது. முன்பக்கத்து எண் பொய் என்று அந்தத் தகடே சொல்லிவிடும். அதே தகட்டில் சதவீதம் ஒன்றும் இருக்கும். 60 என்றால், அந்தக் கரண்டில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் வெல்டிங், 4 நிமிடம் ஓய்வு. 20 என்றால் 2 நிமிடம்தான். தகடே இல்லாத மெஷினைக் கையால் தொடவும் வேண்டாம்.

நான் முதலில் வாங்கியது முன்பக்கத்து எண்ணைப் பார்த்துத்தான். பொழுதுபட்டால் எங்கள் வீட்டு மெயின் விழும், அம்மா குசினியில் இருட்டில் நிற்பார். பக்கத்து வீட்டு பல்ப் மங்கும். ஒரு மாதம் வயரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் தகட்டை வாசித்தேன்.

300க்குக் கொடுக்க நினைத்த மீதிக் காசை முகக் கவசத்தில் போடுங்கள். இதை மட்டும் தள்ளிப் போட வேண்டாம். நீங்கள் பயன்படுத்தப் போகும் கரண்டுக்கு 10 அல்லது 11ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி வேண்டும். வெயில் கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம் எதுவும் அந்த ஒளியைத் தடுக்காது. அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. ஆறு, எட்டு மணித்தியாலம் கழித்து, நடுச்சாமத்தில் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டது போல எரியத் தொடங்கும். எனக்கு ஒருமுறை வந்திருக்கிறது. வந்தால் கைமருந்து போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய ஜி.ஐ. குழாயை வாங்கி அப்படியே வெல்டிங் அடிக்கக் கூடாது. மேலே பூசியிருக்கும் துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகும். இரும்பு உருக ஏறக்குறைய 1,500 வேண்டும். ஆக இரும்பு உருகுமுன்பே வெள்ளைப் புகை உங்கள் மூக்குக்கு வந்துவிடும். அன்றிரவே குளிர், காய்ச்சல், உடம்புவலி. ஒட்டப்போகும் இடத்தைச் சுற்றிப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, கொட்டிலுக்கு வெளியே, காற்று புகையை உங்களிடமிருந்து தள்ளிக்கொண்டு போகும் பக்கமாக நின்று செய்யுங்கள்.

கேள்வி: சம்மாந்துறையிலிருந்து எழுதுகிறேன். நானா சவூதியிலிருந்து அடுத்த மாதம் லீவில் வருகிறார். மேசை டிரில், பெஞ்ச் கிரைண்டர், பற்றரி டிரில் என்று என்ன கேட்டாலும் கொண்டுவருவதாகச் சொல்கிறார். அங்கே வாங்கினால் இங்கே வேலை செய்யுமா?

பதில்: தம்பி, நானாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: பெட்டியைப் பார்க்க வேண்டாம், தகட்டில் ஹேர்ட்ஸ் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும். சவூதியில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. கார்பன் பிரஷ் போட்ட கைக் கிரைண்டர், கை டிரில் இரண்டுக்கும் இந்த வித்தியாசம் பெரிதில்லை. வோல்ட் 220 முதல் 240க்குள் இருந்தால் சரி. ஆனால் மேசை டிரிலும் பெஞ்ச் கிரைண்டரும் பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடுபவை. 60 மட்டும் என்று எழுதிய மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். வேகம் குறைவதைக்கூடப் பொறுக்கலாம், மோட்டார் வழக்கத்தைவிடக் கூடச் சூடாவதுதான் பிரச்சினை. 50/60 என்று இரண்டும் எழுதியிருந்தால் தாராளமாகக் கொண்டுவரலாம். கட்டார், டுபாய், குவைத்திலிருந்து வருபவற்றில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கேயும் 50தான்.

பற்றரி டிரில் என்றால், கழற்றிய பற்றரியைப் பெரிய பெட்டியில் போட விடமாட்டார்கள், கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 18 வோல்ட், 5 அம்பியர்-மணி பற்றரி என்றால் இரண்டையும் பெருக்க 90 வரும். 6 என்றால் 108. அதற்கு விமானக் கம்பனியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பாரமான மெஷின்களுக்குப் பதிலாக தடிப்பு அளக்க நல்ல வேணியர் ஒன்று, 1 முதல் 13 மில்லிமீற்றர் வரை தரமான எச்.எஸ்.எஸ். (சூடானாலும் லேசில் மழுங்காத உருக்கு) துளைக்கட்டைகள், மரை வெட்டும் செட் ஒன்று என்று கொண்டுவரச் சொல்வேன். சின்னச் சாமான், பெட்டியில் இடம் எடுக்காது, பல வருடம் உழைக்கும். இரும்பை இறுக்கிப் பிடிக்கும் பெஞ்ச் வைஸை இங்கேயே பழைய இரும்புக் கடைகளில் தேடுங்கள். வாங்குமுன் சுத்தியலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். மணி போல் கணீரென்றால் நல்லது, பானை உடைந்தது போல் மங்கிய சத்தம் வந்தால் எங்கோ வெடிப்பு. வார்ப்பிரும்பு வெடித்தால் வீட்டு வெல்டிங்கில் ஒட்டி எடுப்பது லேசில்லை. வைஸின் வாயை இறுக்கி, நடுவில் ஒரு கடதாசித் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் பிடித்தால் எடுக்கலாம்.

கேள்வி: ஒரு இஞ்சி பொக்ஸ் பார் 1.2 மில்லிமீற்றர் என்று சொல்லி விற்றார்கள். வெல்டிங் அடித்தால் ஓட்டை விழுகிறது. என் கை சரியில்லையா, கம்பி சரியில்லையா? (கல்லடி)

பதில்: இரண்டும் இருக்கலாம், ஆனால் முதலில் கம்பியை நிறுங்கள். இரும்பு பொய் சொன்னாலும் தராசில் அகப்பட்டுவிடும். 25க்கு 25, உண்மையான 1.2 தடிப்பு என்றால், 6 மீற்றர் முழுக் கம்பி ஐந்தே கால் கிலோ அளவில் நிற்கும். நாலரை கிலோ என்றால் தடிப்பு ஏறக்குறைய 1.0. மூன்றரை கிலோ பக்கம் வந்தால் 0.8தான். அடுத்த முறை வாங்கும்போது கடையிலேயே நிறுக்கக் கேளுங்கள். வெட்டு முனையில் வேணியர் வைத்துப் பார்க்கலாம், ஆனால் வெட்டிய இடத்துப் பிசிறைத் தேய்த்துவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தடிப்புக் கூடக் காட்டும். கையில் இருக்கும் மெல்லிய கம்பியை வீசிவிட வேண்டாம். இரண்டு மில்லிமீற்றர் ரொட், 40 முதல் 50 அம்பியர், ஒரே கோடாக இழுக்காமல் சின்னச் சின்னப் புள்ளியாக வையுங்கள். ஓட்டை குறையும்.

கேள்வி: நாலு இஞ்சிக் கிரைண்டரில் காவல் தகட்டைக் கழற்றிவிட்டு ஏழு இஞ்சித் தட்டைப் போட்டால் தடித்த இரும்பை வெட்டலாம் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா? (திருக்கோவில்)

பதில்: கூடவே கூடாது. ஏழு இஞ்சித் தட்டில் அதிகபட்ச வேகம் என்று நிமிடத்துக்கு 8,500 சுற்று அளவில் எழுதியிருக்கும். உங்கள் சின்னக் கிரைண்டர் 11,000க்கு மேல் சுற்றும். தட்டு வெடித்தால் துண்டு எந்தத் திசையில் வரும் என்று சொல்ல முடியாது, அதைத் தடுக்க இருப்பதே அந்தக் காவல் தகடு. மெல்லிய வெட்டுத் தட்டின் பக்கத்தை வைத்துத் தேய்ப்பதும் இதே மாதிரி ஆபத்து. தட்டு வாங்கும்போது நடுவில் உள்ள உலோக வளையத்தைப் பாருங்கள். நல்ல தட்டுகளில் மாதமும் ஆண்டும் அடித்திருக்கும், அதுவரைக்கும்தான் பயன்படுத்தலாம். தட்டைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரக் காற்றில் பலம் இழக்கும். கடற்கரை ஊரில் இருக்கும் நமக்கு இது இன்னும் முக்கியம். விலை குறைகிறதே என்று பழைய தட்டுகளைக் கட்டாக வாங்கி அடுக்கி வைக்காதீர்கள்.

கேள்வி: “88 வோல்ட்” என்று எழுதிய பற்றரிக் கிரைண்டர் வாங்கினேன். இரண்டு கிழமையில் நின்றுவிட்டது. மாற்றித் தர முடியாது என்கிறார் கடைக்காரர். (வாழைச்சேனை)

பதில்: அந்த 88க்கு அர்த்தம் எதுவுமில்லை. பற்றரிப் பெட்டிக்குள் சின்ன லிதியம் செல்கள் ஐந்து வரிசையாக இணைத்திருக்கும், ஒன்று 3.6 வோல்ட், ஐந்தும் 18. முழுதாகச் சார்ஜ் ஏறினால் 21. இதே பெட்டியில்தான் 48, 88, 128 என்றெல்லாம் ஒட்டுகிறார்கள். வாங்கும்போது சார்ஜரில் எழுதியிருக்கும் வோல்டைப் பாருங்கள். 21 என்று இருந்தால் அது 18 வோல்ட் பற்றரிதான், மேலே எதை எழுதினாலும் சரி.

உங்களுக்கு வழி இருக்கிறது. பில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே போய்க் கேளுங்கள், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. பெட்டியில் உள்ள எண்ணையும் சார்ஜரில் உள்ள எண்ணையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்து வையுங்கள். கடைக்காரரோடு சத்தம் போடாமல், எழுத்தில் ஒருமுறை கேளுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருளை வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். “அடுத்த கிழமை வாங்கோ, பார்ப்பம்” என்று கடையில் இழுத்தடித்தால் அந்த 3 மாதம் ஓடிவிடும். ஆகவே பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே முறைப்பாட்டை எழுதிவிடுங்கள்.

கேள்வி: வாடைக்காற்றுக் காலம் வந்தால் அரம், துளைக்கட்டை எல்லாம் கறள் பிடிக்கின்றன. தேங்காயெண்ணெய் பூசி வைக்கலாமா? (காரைதீவு)

பதில்: துளை போடும்போது சொட்டுவிடத் தேங்காயெண்ணெய் நல்லது, நானும் அதைத்தான் விடுகிறேன். பூசி வைக்க வேண்டாம், நாள்பட்டால் பிசினாகி அரத்தின் பல்லை அடைத்துவிடும். துளைக்கட்டைகளுக்குத் தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியால் பூசி, மூடி இறுகும் டப்பாவில் போடுங்கள். அரத்துக்கு எண்ணெயே வேண்டாம், எண்ணெய் பட்ட அரம் இரும்பில் வழுக்கும். பித்தளைக் கம்பித் தூரிகையால் சுத்தமாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடதாசியில் சுற்றி, வீட்டுக்குள் அலுமாரியில் வையுங்கள். கொட்டிலில் விட்டால் மழை முடியுமுன் கறள் ஏறிவிடும்.