கொழும்பில் வேகும் அளவு நானுஓயாவில் வேகாது

கேள்வி: அக்கா, கொழும்பில் இருக்கும் என் தங்கச்சியும் நானும் ஒரே கடையில், ஒரே மாதிரி 1.8 லீற்றர் ரைஸ் குக்கர் வாங்கினோம். அவள் வீட்டில் சோறு பூப்போல வருகிறது. எனக்கோ நடுவில் அரிசி அரிசியாக நிற்கிறது, சுவிட்ச் மட்டும் டக்கென்று மேலே வந்துவிடுகிறது. கடைக்குக் கொண்டுபோனால் குக்கரில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள். வேறு குக்கர் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?
– ஒரு வாசகி, நானுஓயா

பதில்: கேட்க வேண்டாம் அம்மா. மாற்றித் தந்தாலும் அடுத்த குக்கரும் இதையேதான் செய்யும். கடைக்காரர் சொல்வது சரி, உங்கள் கையிலும் பிழை இல்லை. நீங்கள் சமைக்கும் இடம் உயரமானது, அவ்வளவுதான்.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மேலே ஏற ஏற ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு பாகை குறையும். உங்கள் ஊர் 5,300 அடிக்குக் கிட்ட. அங்கே தண்ணீர் 95 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும், எவ்வளவு நெருப்பு வைத்தாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடாகாது. நுவரெலியா டவுனில் (1,868 மீற்றர்) 94 பாகைதான். உங்கள் ஊர் எவ்வளவு உயரம் என்று தெரியாவிட்டால் பக்கத்து ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். மலைநாட்டுப் பாதையில் பல நிலையங்களின் பலகையில் உயரமும் எழுதியிருக்கும்.

இனி குக்கரைப் பார்ப்போம். உள்பானையை எடுத்துவிட்டுப் பார்த்தால் சூடாகும் தட்டின் நடுவே, ஸ்பிரிங் வைத்த வட்டமான ஒரு குமிழ் தெரியும். அதற்குள் காந்தம் இருக்கிறது. பானையில் தண்ணீர் இருக்கும்வரை பானையின் அடி கொதிநிலையைத் தாண்டிப் பெரிதாகச் சூடேறாது, காந்தமும் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வற்றியதும் அடி சட்டென்று சூடேறும், காந்தம் பிடியை விடும், சுவிட்ச் மேலே வரும். குக்கருக்குத் தெரிவது தண்ணீர் தீர்ந்ததா என்பது மட்டும்தான். அரிசி வெந்ததா என்பது அதற்குத் தெரியாது. கொழும்பில் தண்ணீர் தீரும் நேரமும் அரிசி வேகும் நேரமும் ஒத்துப்போகும். நானுஓயாவில் தண்ணீர் முதலில் தீர்ந்துபோகும்.

நான் வளர்ந்த தோட்ட லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) அம்மா விறகடுப்பில் சோறு வைப்பார். பானை நிறையத் தண்ணீர். மூடியின் மேல் அம்மிக் குழவியைக் கிடத்துவார். இடையில் அகப்பையால் ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பதம் பார்ப்பார். பதம் வந்த பிறகுதான் கஞ்சி வடிப்பு. குளிர்காலத்தில் இன்னும் கால் மணி நேரம் தணலில் புழுங்கவும் விடுவார். அந்தப் பதம் பார்க்கும் வேலையைத்தான் குக்கர் செய்வதில்லை, அதை நாம் செய்ய வேண்டும்.

அரிசியைக் கழுவி, இளஞ்சூடான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். இதுவே பாதிக் கஷ்டத்தைத் தீர்க்கும். பிறகு குக்கருடன் வந்த புத்தகம் சொல்வதைவிட ஒரு கப் அரிசிக்குக் கால் கப் தண்ணீர் கூட ஊற்றுங்கள். சம்பாவுக்கு 1க்கு 2 என்றிருந்தால் 2¼, சிவப்புப் பச்சையரிசிக்கு 2½ வரை போகலாம். சுவிட்ச் மேலே வந்ததும் திறக்கக்கூடாது. அப்படியே 15 நிமிடம் 'வார்ம்' நிலையில் கிடக்கட்டும். திறந்து பார்த்து இன்னும் நறுக்கென்றிருந்தால் அரைக் கப் கொதிதண்ணீரைச் சுற்றிவரத் தெளித்து மூடி, சுவிட்சை மறுபடி அழுத்துங்கள். அம்மா வைத்த குழவியை மட்டும் இதன் மேல் வைத்துவிடாதீர்கள். மூடியில் இருக்கும் துவாரம் ஆவி போவதற்காக வைத்தது.

இன்னொன்றும் கேட்கிறேன், எதால் அளக்கிறீர்கள்? நம் வீடுகளில் சுண்டு (அரிசி அளக்கும் பேணி), அல்லது தேத்தண்ணிக் கோப்பை. குக்கருடன் வரும் சின்னப் பிளாஸ்டிக் கப் 180 மில்லிலீற்றர், உள்பானையில் 2, 4, 6 என்று கிழித்திருக்கும் கோடுகள் அந்தக் கப்புக்கு உரியவை. அரிசியைச் சுண்டால் போட்டுவிட்டு தண்ணீரைக் கோடு பார்த்து ஊற்றினால் கொழும்பிலும் சோறு அரைவேக்காடுதான். அந்தக் கப் தொலைந்திருந்தால் அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே கோப்பையை எடுங்கள், கோட்டைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்க யோசிக்கிறோம். இருவருமே விடியப் பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்க) போகிறோம், பிள்ளைகளுக்குக் கடலை, கௌபீ அவித்துக் கொடுக்க நேரமே இல்லை. காசுக்கு ஏற்றதா? எங்கள் காம்பராவின் கரண்ட் வயர் பழையது, அதுவும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், மஸ்கெலியா

பதில்: மலையில் இருக்கிறவர்களுக்கு மற்ற எந்தச் சாமானைவிடவும் இது உதவும் என்பது என் எண்ணம். கொழும்பில் பிரஷர் குக்கர் நேரத்தை மிச்சம் பிடிக்கும். இங்கே அது இல்லாமல் கடலையை ஒழுங்காக வேகவைப்பதே பெரும்பாடு. மூடிய பானைக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 110 பாகையைத் தாண்டிச் சூடாகும், நம் ஊரின் உயரத்தை அது பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். 2,000 அடிக்கு மேல் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நேரத்தை நூற்றுக்கு ஐந்து கூட்டுவது பழைய கணக்கு. பதுளையில் புத்தகத்தில் உள்ளபடியே வைக்கலாம். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு. ஊறிய கடலைக்கு 15 நிமிடம் என்றிருந்தால் அங்கே 18 நிமிடம்.

இந்தியாவிலிருந்து வரும் குறிப்புகளில் 'நாலு விசில்' என்று இருக்கும். எலக்ட்ரிக் குக்கரில் விசில் கிடையாது. விசிலும் குக்கருக்குக் குக்கர், அடுப்புக்கு அடுப்பு வேறுபடும். அழுத்தம் ஏறிய பிறகு எத்தனை நிமிடம் என்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடலை, பருப்பு வகை வைக்கும்போது பானையில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. நுரை ஏறி ஆவி போகும் குழாயை அடைத்துவிடும்.

ஒரு விடயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில குக்கர்களில் 'ஸ்லோ குக்' என்றொரு பொத்தான் உண்டு. சிவப்புப் போஞ்சி விதையை ஒருபோதும் அதில் அவிக்காதீர்கள். அந்த விதையில் இயற்கையாகவே ஒரு நஞ்சு உண்டு, மெல்லிய சூட்டில் அது அழியாது, வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அழுத்தத்தில் அவித்தால் பயமில்லை.

இனி வயர். உங்கள் பயம் நியாயமானது. ஆறு லீற்றர் குக்கர் பொதுவாக 1,000 வொட். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் அது நாலரை அம்பியர் அளவு இழுக்கும். பழைய காம்பராக்களில் இருக்கும் 5 அம்பியர் வட்ட ஊசிப் பிளக்குக்கு அதுவே கிட்டத்தட்ட முழுச் சுமை. அதே மல்டி பிளக்கில் கேத்தலையும் மாட்டினால் வயர் சூடாகி உருகும். ஆகவே குக்கர் வாங்கும் காசில் கொஞ்சத்தை ஒதுக்கி, மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு 13 அம்பியர் சதுர ஊசிப் பிளக் ஒன்று, நில இணைப்புடன், போட்டுக்கொள்ளுங்கள். மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் குக்கர் காத்திருக்கட்டும், முதலில் அதை மாற்றுங்கள்.

கரண்ட் பில்லுக்கு அவ்வளவு பயப்படத் தேவையில்லை. அழுத்தம் ஏறும்வரை தொடர்ந்து இழுக்கும், பிறகு விட்டுவிட்டுத்தான். ஒரு தடவை கடலை அவிக்க அரை யூனிட் ஆவதே அரிது. யூனிட்டைத் தின்பது வேறு பழக்கம். விடிய வைத்த சோற்றை அந்திவரை 'வார்ம்' நிலையில் விடுவது. அது 40 வொட் அளவுதான் என்றாலும் பத்து மணி நேரத்துக்கு 0.4 யூனிட் ஆகிறது. 700 வொட் ரைஸ் குக்கரில் அரை மணி நேரம் சோறு ஆக்கவே 0.35 யூனிட் போதும். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வகையே மாறிவிடும் என்பதால் இந்தச் சில்லறைக் கணக்கும் முக்கியம். அதற்காகச் சுவிட்சை நிறுத்திவிட்டு சோற்றை உள்ளேயே மூடி வைத்துவிடாதீர்கள். நம் ஊர்க் குளிரிலும் மூடிய பானைக்குள் சூடு மெதுவாகத்தான் இறங்கும், சோறு கெட்டுப்போகும்.

கேள்வி: கரண்டியால் சுரண்டி உள்பானையின் கறுப்புப் பூச்சு உரிந்துவிட்டது. புதுக் குக்கர்தான் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், வெலிமடை

பதில்: தேவையில்லை. உள்பானை மட்டும் தனியாகக் கிடைக்கும், மாடல் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறை குக்கர் வாங்கும்போது, "உள்பானையும் ரப்பர் வாஷரும் தனியாக எடுக்கலாமா?" என்ற கேள்வியை விலை கேட்பதற்கு முன்னமே கேட்டுவிடுங்கள். அகப்பை மரமாக இருக்கட்டும்.

கேள்வி: நான் வேலைக்குப் போகும் பெண். ஒரே பானையில் எல்லாம் முடிகிற மாதிரி ரைஸ் குக்கருக்கு ஏற்ற குறிப்பு ஒன்று தாருங்கள். நான் செய்யும் பருப்புச் சோற்றில் பருப்பு எப்போதும் கல்லாகவே இருக்கிறது.
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: தக்காளியும் புளியும் தொடக்கத்திலேயே போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். புளிப்பு சேர்ந்தால் பருப்பு இளகச் சுணங்கும். கீழ்நாட்டில் கொஞ்சம் சுணங்குவது, தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிக்கும் மலையில் அதிகமாகத் தெரியும். புளிப்பைக் கடைசிக்கு வையுங்கள்.

என் வீட்டில் வாரம் ஒருமுறை செய்வது இது. இரண்டு கப் சம்பா, அரைக் கப் மைசூர்ப் பருப்பு, இரண்டையும் கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்கிறேன். குக்கர் பானையிலேயே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, சுவிட்சை அழுத்தி, கடுகு, கறிவேப்பிலை, றம்பைத் துண்டு, வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய். பானையில் ஈரமும் சாமானும் குறைவாக இருப்பதால் சூடேறிச் சுவிட்ச் மேலே வந்துவிடும். அதை வம்புக்குப் பிடித்து அமுக்கிக்கொண்டிருக்காதீர்கள், கொஞ்சம் ஆறியதும் மறுபடி அழுத்தினால் நிற்கும். வெங்காயம் வாடியதும் பொடியாக வெட்டிய கரட், போஞ்சி, ஒரு லீக்ஸின் வெள்ளைப் பகுதி, மஞ்சள், உப்பு. பிறகு அரிசியும் பருப்பும். ஐந்தரைக் கப் தண்ணீர். பதுளைப் பக்கம் ஐந்து கப் போதும். சுவிட்ச் மேலே வந்ததும் அரைக் கப் கெட்டித் தேங்காய்ப் பாலை மேலே சுற்றி ஊற்றி, கிளறாமல் மூடி, 15 நிமிடம். பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் அடிப்பிடித்து, குக்கர் நேரத்துக்கு முன் நின்றுவிடும். இறக்கும்போது தேசிக்காய்ப் புளி. பக்கத்தில் கொஞ்சம் கட்டைச் சம்பல் இருந்தால் எங்கள் வீட்டில் பானை காலி.

இதைச் செய்து பார்த்து மாற்றி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குறிப்பின் தலையில் உங்கள் ஊர், எந்தக் கோப்பையால் அளந்தீர்கள், குக்கர் எத்தனை லீற்றர் என்ற மூன்றையும் எழுதுங்கள். 'மூன்று கப் தண்ணீர்' என்று மட்டும் வரும் குறிப்பை தாழ்வான கம்பளையில் ஒருவரும் உயரத்திலுள்ள பட்டிப்பொலையில் ஒருவரும் செய்தால் இரண்டு விதமான சோறு வரும்.

கேள்வி: தவணைக்கு வாங்கிய பிரஷர் குக்கர் இரண்டு மாதத்தில் சூடாகாமல் நின்றுவிட்டது. தண்ணீர் கூட ஊற்றியதால் பழுதாகிவிட்டது, வொரன்டி செல்லாது என்று கடையில் சொல்கிறார்கள். தவணையை மட்டும் கேட்கிறார்கள். நான் என்ன செய்வது?
– ஒரு தோட்டத் தொழிலாளி, பொகவந்தலாவை

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் நொந்தது. மாதச் சம்பளத்தில் பிடுங்கிக் கட்டும் காசு அது. உள்பானையில் குறித்த உச்சக் கோட்டுக்குள் தண்ணீர் இருந்தவரை, கூட ஊற்றினீர்கள் என்பது பழுதுக்குக் காரணமாகாது. வெளிப்பாத்திரத்துக்குள், சூடாகும் தட்டின் மேல் தண்ணீர் கொட்டியிருந்தால் மட்டும் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

வாய்ப்பேச்சை நிறுத்துங்கள். பில், திகதியும் முத்திரையும் உள்ள வொரன்டி அட்டை, தவணை ஒப்பந்தம், இதுவரை கட்டிய துண்டுகள் எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். ஏன் திருத்தித் தரமுடியாது என்பதை எழுத்தில் தரும்படி கடையில் கேளுங்கள். பாதிப் பேர் இந்த இடத்திலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். ஆனால் பேசுவதோடு விடாமல் முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு மூன்று மாத காலம்தான் உண்டு. உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது, இந்த வாரமே எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். தவணையை இப்போதைக்கு நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் பேச்சு குக்கரை விட்டு உங்கள் கடனுக்குத் திரும்பிவிடும்.

பில்லே தரவில்லை என்று இன்னும் இருவர் எழுதியிருக்கிறார்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. கடையை விட்டு இறங்குவதற்கு முன் கேட்டு வாங்குங்கள். மாடல் இலக்கமும் தொடர் இலக்கமும் அதில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பெட்டியைத் திறந்து, பிளக்கில் மாட்டி, ஒரு கோப்பைத் தண்ணீர் கொதிக்கும்வரை பார்த்துவிட்டே பஸ் ஏறுங்கள்.