நகையை அடகு வைக்க முதல்

அன்பின் சகோதரிக்கு,

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்த மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, நகையை அடகு வைத்தாவது செயற்கை நுண்ணறிவு டிப்ளோமா ஒன்றில் சேர்த்துவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். நகை கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் அந்த நிறுவனத்தாரிடம் கேளுங்கள்: இது என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) எத்தனையாம் மட்டம்? இல்லையென்றால், சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? பதில் மழுப்பலாக வந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

அயலில் யாருடைய மின்விசிறி நின்றாலும் மகனைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். வயரிங் வேலையா என்று முகம் சுளிக்காதீர்கள், அந்த வேலையே மாறிவிட்டது. கூரையில் சூரியத் தகடு பூட்டுகிறவருக்கு நேரோட்ட (டி.சி.) மின்சாரம் தெரிய வேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை தகட்டில் மின்னழுத்தம் இருக்கும். நேரோட்டத்தில் தீப்பொறி பற்றினால் இலகுவில் அணையாது. இன்வேட்டர் ஏசியில் பழுது மின்னணுப் பலகையிலும் வரும். புதிய ஏசிகள் பலவற்றில் வரும் ஆர் 32 என்ற குளிரூட்டும் வாயு தீப்பற்றக்கூடியது, பழைய ஆர் 22 பழக்கத்தில் கை வைக்க முடியாது. ஹைபிரிட் வாகனத்தின் பழுதை, கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இல்லாமல் கண்டுபிடிப்பது கடினம். பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல்களுக்கும் அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கும் இப்படியான கைகள்தான் தேவை.

மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் மின்துறைப் பாடநெறிக்கு எப்போது விண்ணப்பம் கோருகிறார்கள் என்று நேரில் போய் விசாரியுங்கள். அரச நிலையங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை. 4ஆம் மட்டம் முடித்தால் தேர்ச்சி பெற்ற தொழிலாளி. 5, 6 டிப்ளோமா. 7 பட்டம், இரத்மலானையில் இதற்கென்றே ஒரு தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆகவே பட்டக் கனவை நீங்கள் கைவிடத் தேவையில்லை, பாதைதான் வேறு. அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனத்தின் உயர் தேசிய டிப்ளோமா அறிவித்தலையும் பார்த்து வையுங்கள்.

கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதிப்பீடு தயாரிக்கவும், சூரியத் தகட்டு இன்வேட்டரின் பதிவுகளைப் படிக்கவும், ஆங்கிலக் கையேட்டை விளங்கவும் தெரிந்த மின்வேலைக்காரரை யாரும் விடமாட்டார்கள். செயற்கை நுண்ணறிவும் அவருக்குக் கருவியாகும். அடித்தொழில் இல்லாமல் அதை மட்டும் படித்தால் எதில் பயன்படுத்துவது?

அரசாங்க நியமனம் வரும்வரை வீட்டில் இருக்கட்டும் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள். விண்ணப்பம் போடட்டும், ஆனால் காத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கட்டார் போவதென்றால் 4ஆம் மட்டச் சான்றிதழோடு போகட்டும். வெறுங்கையோடு போனால் உதவியாளர் சம்பளம்தான். வருடக்கணக்காக வயரிங் செய்தும் சான்றிதழ் இல்லாமல் இருக்கும் உங்கள் தம்பிக்கும் வழி உண்டு: முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில், வகுப்பில் குந்தாமலே, செய்த வேலைகளின் ஆதாரத்தைக் காட்டி, செய்முறையிலும் தேறி என்.வி.கியூ. எடுக்கலாம். தொழிற்பயிற்சி அதிகார சபைக்கு மகனோடு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.