தரையில் காடா வயலா என்பது மேகத்தை மாற்றுமா? செயற்கைக்கோளில் அது தெரியுமா?

தெரியும். என் கண்ணுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் முயல் வேலிதான் இதற்கு அழகான சான்று. முயல்களைத் தடுக்க 1907-இல் கட்டி முடித்த வேலி அது. முயலை நிறுத்தினதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பக்கம் கோதுமை வயல், மறுபக்கம் இயற்கைப் புதர்க்காடு என்று நிலத்தை இரண்டாகப் பிரித்துவிட்டது. கோடைப் படங்களில் சில நாள் புதர்க்காட்டின் மேல் பஞ்சுப்பொதி போல் மேகங்கள். வேலியைத் தாண்டினால் வெறும் வானம்!

காரணம் என்ன? அறுவடை முடிந்த வயல் வெளிறிப்போய் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. புதர்க்காடு கருமையானது, வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். மேடுபள்ளமான அதன் மேற்பரப்பு காற்றைக் கலக்கிவிட, சூடான காற்று எளிதாக மேலே ஏறுகிறது, அதிலுள்ள ஈரம் குளிர்ந்து மேகமாகிறது.

இதை அளப்பது எப்படி? டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி எவ்வளவு ஒளி திரும்புகிறது, தரை எவ்வளவு சூடு, பச்சை எவ்வளவு என்று பதிவு செய்கிறது. 2015-இல் ஏவிய ஸ்மாப் என்ற செயற்கைக்கோள், மேல்மண்ணின் ஈரத்தை நுண்ணலையால் அளக்கிறது.

சரி, இதில் ஒரு சிக்கலும் உண்டு. மோடிஸ் தரும் வெப்பநிலை தரையின் மேற்தோலுடையது, காற்றினுடையது அல்ல. மேகம் மூடினால் அதுவும் கிடைக்காது. மேகத்தைப் பற்றி ஆராய்பவருக்கு இது பெரிய தலைவலி! அப்புறம், 1970-களிலிருந்து அங்கே தென்மேற்கில் மழை குறைந்திருப்பதை முழுக்க வயல்கள் தலையில் கட்டிவிடக் கூடாது. புவி வெப்பமாதலுக்கும் அதில் பங்கு உண்டு.