ஓட்டில்லாத கூட்டத்தில் ஸ்காட்லாந்துக்கு என்ன வேலை?

கேள்வி: ஸ்காட்லாந்து தனி நாடு அல்ல. வெளியுறவு முழுக்க லண்டன் கையில். அப்படியிருந்தும் அதன் அமைச்சர்கள் பிரஸ்ஸல்ஸ் கூட்டம், ஐ.நா. பருவநிலை மாநாடு என்று பறந்துகொண்டே இருக்கிறார்கள். ஓட்டும் கிடையாது, கையெழுத்துப் போடும் உரிமையும் கிடையாது. வரிப்பணத்தில் நடக்கும் உல்லாசப் பயணம் என்று இதைச் சொன்னால் தவறா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: கையெழுத்துப் போடும் உரிமை இல்லை என்பது வரை சரி. அங்கிருந்து உல்லாசப் பயணத்துக்கு ஏன் இவ்வளவு வேகமாகத் தாவினீர்கள்?

1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் உள்ள நாடாளுமன்றம் கைவைக்கக் கூடாத துறைகளின் பட்டியல் அது. வெளிநாட்டு உறவுகள், ஐரோப்பிய அமைப்புகளுடனான தொடர்பு, சர்வதேச வர்த்தக ஒழுங்குமுறை, பிற நாடுகளுக்கான வளர்ச்சி உதவி எல்லாம் அதில் வருகின்றன. நீங்கள் அதுவரை படித்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள் போலிருக்கிறது. விதிவிலக்குகள் அடுத்த வரிகளிலேயே இருக்கின்றன. பிரிட்டன் ஏற்றுக்கொண்ட சர்வதேசக் கடமைகளை நிறைவேற்றுவது எடின்பரோவின் அதிகாரத்துக்குள் வரும். இந்த விஷயங்களில் லண்டன் அமைச்சர்களுக்கு உதவுவதும் அப்படியே.

முதல் விதிவிலக்கின் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மீன்வளம், விவசாயம், காடு, சுற்றுச்சூழல் எல்லாம் ஸ்காட்லாந்து அரசின் துறைகள். அவற்றைப் பற்றி வெளிநாட்டில் ஒப்பந்தம் பேசுபவர் லண்டன் அமைச்சர்; பேசி முடித்ததைச் செய்து காட்ட வேண்டியவர் எடின்பரோ அமைச்சர். தன் தலையில் விழப்போகும் வேலையைப் பற்றிப் பேசும் இடத்துக்கு ஒருவர் போக நினைப்பதை ஊர் சுற்றுவது என்பீர்களா? இரண்டாம் விதிவிலக்கில் உள்ள ‘உதவுவது’ என்பதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்ற சோதனையும் தனிநாடு கேட்கும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியோடு தொடங்கியதல்ல. 2005இல் மலாவி நாட்டோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தவர் அன்றைய ஸ்காட்லாந்து முதல்வர், தொழிற்கட்சியின் ஜாக் மெக்கானல். அப்போது லண்டனில் ஆண்டதும் அதே தொழிற்கட்சிதான்.

இனி கூட்டத்துக்கு வருவோம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், அடுத்த ஆண்டு எந்த மீனை எவ்வளவு பிடிக்கலாம் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் பிரஸ்ஸல்ஸில் அமைச்சர்கள் உட்கார்ந்து பேரம் பேசுவார்கள். பல வருடங்களில் விடிய விடிய நடந்தது அது. மேசையில் நாட்டுக்கு ஒரு பெயர்ப்பலகைதான். பிரிட்டனின் மீன்பிடியில் பெரும்பங்கு ஸ்காட்லாந்துடையது. நாட்டின் மிகப்பெரிய மீன்பிடித் துறைமுகமான பீட்டர்ஹெட்டும் அங்கேதான். ஆனால் பெயர்ப்பலகைக்கு நேராக உட்காருபவர் லண்டன் அமைச்சர். ஸ்காட்லாந்து அமைச்சர் தூதுக்குழுவில் ஒருவர், அவ்வளவே. அவர் வரலாமா, வந்தால் வாய் திறக்கலாமா என்பதையும் லண்டன் அமைச்சரே முடிவு செய்வார்.

2014 நவம்பரில் இது சந்தி சிரித்தது. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்ற வாக்கெடுப்பு முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மீன்வளக் கூட்டம் ஒன்றுக்குத் துறைக்குப் பொறுப்பான லண்டன் அமைச்சரால் வர முடியவில்லை. ஸ்காட்லாந்தின் அமைச்சர் ரிச்சர்ட் லாக்ஹெட் 2007 முதல் அந்தத் துறையைக் கவனித்து வந்தவர், கூட்டத்துக்கும் வந்திருந்தார். பிரிட்டன் சார்பில் பேசும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை. பேச அனுப்பப்பட்டவர் டி மாலி பிரபு. பரம்பரைப் பட்டத்தின் வழியே பிரபுக்கள் சபையில் இருந்தவர். மீன்வளம் அவர் பொறுப்பில் இருந்த துறையும் அல்ல. கடலைப் பற்றித் தெரிந்தவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க, தெரியாதவர் எழுதிக் கொடுத்ததைப் படிக்கும் ஏற்பாட்டுக்கு அரசமைப்பு மரபு என்று பெயர். ஸ்காட்லாந்துக்கு இன்னும் என்ன அதிகாரம் தரலாம் என்று ஆராய்ந்த ஸ்மித் ஆணையத்தின் அறிக்கை அதே மாதக் கடைசியில் வெளிவந்தது. அது, லண்டன் அமைச்சர் வர முடியாதபோது, அந்த விஷயத்தில் அதிக அக்கறை எந்தப் பகுதிக்கு உண்டோ அதன் அமைச்சரே பிரிட்டனுக்காகப் பேசலாம் என்று பரிந்துரைத்தது. அதையும் பேசி ஒப்புக்கொண்ட நிலைப்பாட்டுக்குள் நின்றுதான் பேச வேண்டும்.

அந்த நிலைப்பாடுதான் விஷயமே. உங்கள் கவனம் முழுக்க ஓட்டுப் போடும் நேரத்தில் இருக்கிறது. நாட்டின் நிலைப்பாடு அதற்கு வாரக்கணக்கில் முன்பே லண்டனில் எழுதப்பட்டுவிடும். துறை அதிகாரிகள் கடிதம் எழுதிக்கொள்வார்கள், தொலைபேசியில் சண்டை போடுவார்கள், ஒரு வாக்கியத்தை மாற்றுவார்கள். கானாங்கெளுத்திக்கு எத்தனை டன் கேட்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். ஸ்காட்லாந்து ஜெயித்தாலும் தோற்றாலும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பிரஸ்ஸல்ஸில் அமைச்சர்கள் கூடுமுன் அதிகாரிகளின் குழுக்கள் முக்கால்வாசியைப் பேசி முடித்திருக்கும். அதற்காகவே 1999இல் அங்கே ஸ்காட்லாந்து இல்லம் என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். வரைவு யார் கையில் இருக்கிறது, எந்த நாடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று முன்கூட்டி மோப்பம் பிடித்து ஊருக்குச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 1999இல் லண்டனும் எடின்பரோவும் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, தூதுக்குழுவில் சேரும் அமைச்சர் பிரிட்டனின் ஒரே நிலைப்பாட்டை ஆதரித்தாக வேண்டும். உள்ளே தோற்றுப்போன வாதத்தை வெளியே எடுத்து வைக்கக் கூடாது. சம்பந்தம் பேசக் கூடப் போன சித்தப்பா சீர் குறைவு என்று மனசுக்குள் பொருமினாலும் சபையில் தலையாட்டித்தான் ஆக வேண்டும், அதே கதை. வராமல் இருந்தால் வாய் சுதந்திரம் கிடைக்கும், காதுக்கு எதுவும் எட்டாது. எடின்பரோவில் எந்தக் கட்சி ஆண்டாலும் கடைசியில் போகவே முடிவு செய்ததற்கு இதுவே காரணம்.

வேறு வழியே இல்லையா என்றால், பெல்ஜியத்தைப் பாருங்கள். 1992இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், ஐரோப்பிய அமைச்சர்கள் கூட்டத்தில் ஒரு நாட்டின் நாற்காலியில் மாநில அமைச்சரும் உட்காரலாம், நாட்டின் சார்பில் ஓட்டும் போடலாம் என்று வழிவிட்டது. பெல்ஜியத்தின் கடற்கரை முழுவதும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இருக்கிறது. எழுபது கிலோமீட்டர்கூட இராது. மீன்வளக் கூட்டமென்றால் பெல்ஜியத்தின் நாற்காலி ஃபிளாண்டர்ஸ் அமைச்சருக்குத்தான். ஸ்காட்லாந்தின் கடற்கரையைத் தீவுகளோடு சேர்த்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்தவரை அதன் அமைச்சருக்குப் பக்கத்து இருக்கையே சலுகையாக இருந்தது.

உள்நாட்டில் ஒரு துறை யாருடையதோ, அத்துறையில் வெளிநாட்டு ஒப்பந்தம் செய்யும் அதிகாரமும் அவருடையதே என்று பெல்ஜிய அரசமைப்பு சொல்கிறது. முன்கூட்டிய ஆலோசனையில் எல்லாப் பகுதிகளும் உடன்படாவிட்டால் பிரஸ்ஸல்ஸ் மேசையில் பெல்ஜியம் ஓட்டே போடாது. இந்தப் பிடியின் வலு என்ன என்பது 2016 அக்டோபரில் உலகுக்கே தெரிந்தது. கனடாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டிய நேரம். பெல்ஜியத்தின் இன்னொரு பகுதியான, முப்பத்தைந்து லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் வாலோனியாவின் நாடாளுமன்றம் முடியாது என்றது. அந்த ஒப்புதல் இல்லாமல் பெல்ஜிய அரசால் கையெழுத்திட முடியாது. பெல்ஜியம் இல்லாமல் ஒன்றியத்தால் முடியாது. கனடாவின் வர்த்தக அமைச்சர் கிறிஸ்டியா ஃப்ரீலேண்ட், வாலோனியாவின் தலைநகரான நாமூருக்கே நேரில் போய்ப் பேசிப் பார்த்துவிட்டுக் குரல் தழுதழுக்க வெளியேறினார். 27ஆம் தேதி நடக்க வேண்டிய உச்சி மாநாடு ரத்தானது. வாலோனியாவின் தலைவர் பால் மக்னெட் விளக்கங்களும் உறுதிமொழிகளும் வாங்கிக்கொண்ட பிறகு, 30ஆம் தேதி கையெழுத்தானது. முதலீட்டுத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் ஐரோப்பியச் சட்டத்துக்கு ஒத்துவருமா என்று ஐரோப்பிய நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒத்துவரும் என்று 2019இல் நீதிமன்றம் சொன்னது. கேட்டதெல்லாம் வாலோனியாவுக்குக் கிடைத்துவிடவில்லை. ஆனால் வாலோனியாவைக் கேட்காமல் யாராலும் நகர முடியவில்லை.

பிரிட்டனின் ஏற்பாட்டில் இந்தப் பிடி கிடையாது. நான் சொன்ன 1999 உடன்படிக்கை சட்டமல்ல; கௌரவத்துக்குக் கட்டுப்பட்டது மட்டுமே என்று அதுவே எழுதி வைத்திருக்கிறது. கௌரவம் எவ்வளவு தாங்கும் என்று பிரெக்ஸிட் காட்டியது. 2016 வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து 62 சதவீதம் ஒன்றியத்தில் இருக்கவே ஓட்டுப் போட்டது. விலகல் பேச்சுக்கான பொது நிலைப்பாட்டைச் சேர்ந்து உருவாக்க முயல்வோம் என்று சொல்லி ஒரு கூட்டுக்குழு அமைத்தார்கள். அந்தக் குழு உடன்பாடு எதையும் எட்டுமுன், 2017 மார்ச் 29 அன்று விலகல் கடிதம் பிரஸ்ஸல்ஸுக்குப் போய்விட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, எடின்பரோவின் சம்மதத்தைக் கேட்கும் மரபை நீதிமன்றத்தால் வலியுறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருந்தது.

பருவநிலை மாநாடுகளுக்கு வருகிறேன். உங்கள் எரிச்சலில் பெரும்பகுதி அங்கேதான் என்று தெரிகிறது. 2021இல் மாநாடு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே நடந்தது. அங்கேயும் பேச்சுவார்த்தை மேசையில் பிரிட்டன்தான். ஸ்காட்லாந்தின் முதல்வர் நிக்கோலா ஸ்டர்ஜன் வேறு வழி பார்த்தார். வெள்ளத்திலும் வறட்சியிலும் ஏற்கெனவே அழிந்துபோனவற்றுக்குப் பணக்கார நாடுகள் பணம் தர வேண்டும் என்பது ஏழை நாடுகளின் நெடுங்காலக் கோரிக்கை. இழப்பீடு என்ற பேச்சு வந்துவிடுமோ என்று வளர்ந்த நாடுகள் அதைத் தொடவே அஞ்சின. ஸ்டர்ஜன் முதலில் பத்து லட்சம் பவுண்டு என்றார், பிறகு இருபது லட்சமாக்கினார். தேவைக்கு முன்னால் அது சுண்டைக்காய்த் தொகை. ஆனாலும் வளர்ந்த நாடுகளின் பக்கத்திலிருந்து ஓர் அரசு இதற்கென்று பணம் அறிவித்தது அதுவே முதல் தடவை. அதே மாநாட்டில் வாலோனியாவும் பத்து லட்சம் யூரோ அறிவித்தது. அடுத்த ஆண்டு டென்மார்க் சேர்ந்தது. 2022 எகிப்து மாநாட்டில் இதற்கென ஒரு நிதியம் அமைக்க எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டன. எல்லாம் ஸ்காட்லாந்தால் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். தீவு நாடுகள் முப்பது வருடமாக மன்றாடியதை மறைப்பது அநியாயம். வாயை முதலில் திறந்தது ஓட்டில்லாத ஓர் அரசு என்பதை மட்டும் உங்கள் கேள்விக்குப் பதிலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எடின்பரோ செய்வதெல்லாம் சரி என்றும் எண்ண வேண்டாம். 2023 டிசம்பரில் துபாய் மாநாட்டில் அப்போதைய முதல்வர் ஹம்சா யூசஃப், துருக்கி அதிபர் எர்டோகனைச் சந்தித்தார். பிரிட்டனின் வெளியுறவு அதிகாரி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது விதி; அப்படி யாரும் இருக்கவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் தூதரக உதவி எதுவும் கிடைக்காது என்று வெளியுறவு அமைச்சர் டேவிட் கேமரன் கடிதம் எழுதினார். நேரம் மாறியது, அதிகாரியால் வர முடியவில்லை என்று எடின்பரோ விளக்கம் சொன்னது. அந்த வாரம் செய்தியானது கடிதச் சண்டை; ஸ்காட்லாந்து துபாயில் என்ன கேட்டது என்பது யார் காதிலும் விழவில்லை. லண்டனோடு முட்டிக்கொள்வதே லாபம் என்று கணக்குப் போடும் அரசியல்வாதிகள் எடின்பரோவில் உண்டு; அப்படிப்பட்ட பயணங்களை நீங்கள் உல்லாசம் என்றால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

ஆகவே செலவுக் கணக்கைத் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் விமான டிக்கெட்டை விட்டுவிட்டு, கூட்டத்துக்கு முன் எடின்பரோ லண்டனுக்கு என்ன எழுதியது, அதில் எந்த வரி நிலைப்பாட்டில் ஏறியது, எந்த வரி வெட்டப்பட்டது என்று கேளுங்கள். பதில் கிடைப்பது கஷ்டம். இரு அரசுகளுக்கும் இடையில் நடக்கும் அந்தப் பேச்சு ரகசியமாக இருக்க வேண்டும் என்பது 1999 உடன்படிக்கை விதித்த நிபந்தனை. தங்கள் அமைச்சர் உள்ளே என்ன வாதாடினார் என்பதை எடின்பரோ நாடாளுமன்ற உறுப்பினர்களாலேயே முழுதாகக் கேட்டு வாங்க முடிந்ததில்லை.